நீலச் சீருடை

அரசரையும் செல்வரையும் உருவப்படமாக எழுதுதல் உலகெங்கும் நிலவிய வழக்கு. நம் திருவிதாங்கூர் ஈன்ற இரவிவர்மாவையும் அரண்மனைகளே விரும்பி அழைத்தன.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவோ, 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் ஓர் அஞ்சல் ஊழியரை அமர்த்தி எழுதினார். பாரிசில் இம்ப்ரெஷனிச ஓவியர்களிடம் ஒளியின் நுட்பங்களை அறிந்து வந்தவர் அவர். ஜோசப் ரூலான் என்னும் அவ்வூழியர் இரயில் நிலையத்தில் அஞ்சல் பைகளைக் கையாண்டவர், மாத ஊதியம் 135 பிராங்கு, மக்கள் மூவர்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலுள்ள அப்படத்தில் நீலச் சீருடையும், பொன்னிறப் பொத்தான்களும், அடர்ந்த தாடியும் துலங்குகின்றன. கைகள் மட்டும் சற்றே தடுமாறுகின்றன. சும்மா இருந்தறியாத கைகள் அவை! படத்திற்கு அமர்ந்தமைக்கு அவர் பணம் பெறவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஓவியர் தம் காதை அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோது, அவரைச் சென்று கண்டு, தம்பி தியோவுக்கு மடல் எழுதியவரும் இவரே.

பாலக்காட்டிலும் இடுக்கி எல்லையிலும் வாழும் தமிழராகிய நாம் இதனை எளிதில் உணர்வோம். தேயிலை மலைக்கு வந்த தொழிலாளரைப் பிறந்த ஊரோடு பிணைத்தவை மடலும் மணியார்டருமே. திருவிதாங்கூர் அஞ்சலில் மணிகட்டிய கோலேந்தி ஓட்டக்காரர்கள் ஓடினர். 1951இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. அவர்தம் முகங்களை எழுதி வைத்தவர் யார்? நாம் அன்றாடம் புரட்டும் அலுவலகக் கோப்புகளில் பெயருண்டு, பதவியுண்டு, சம்பளமுண்டு, முகமில்லை.

நம் இளம் ஓவியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரையேனும் நாற்காலியில் அமரச் செய்யட்டும். மலைத்தமிழர் வரலாற்றில் ஒரு பக்கம் அம்முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.