தீயும் கடலும் செதுக்கிய கரை

வட அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த ஐஸ்லாந்து என்னும் தீவின் பெயருக்குப் 'பனி நாடு' என்பது பொருள். ஆயினும், அதன் தென்கரையை ஆக்கியதில் பனியினும் தீக்கே பங்கு மிகுதி. நிலத்தின் அடியினின்று பொங்கி எழுந்த தீக்குழம்பு, குளிர்ந்து இறுகுங்கால் சுருங்கிப் பிளந்தது. அப்பிளவுகள் பெரும்பாலும் அறுகோண வடிவில் அமைந்தமையால், ரேனிஸ்ஃபியாரா என்னும் கடற்கரையில் எண்ணற்ற கற்றூண்கள், சிற்பி நிறுத்தியவை போல அணிவகுத்து நிற்கின்றன. அங்கு மணலும் கருநிறமே. கருமணலில் வெண்ணுரை விரியும் காட்சி கண்ணைக் கவரும். ஆனால், அதனை நம்பி நெருங்குவோரைத் திடீரென உயர்ந்துவரும் அலை இழுத்துச் செல்வதும் உண்டு.

அத்தென்கரைக்கு அப்பால் வெஸ்ட்மன் தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் ஊர் அமைத்து வாழ்வது ஹெய்மேய் ஒன்றில்தான். மீன்பிடித்தலே அவர்தம் தொழில். துறைமுகமே அவர்தம் வாழ்வு. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் பின்னிரவில், ஊரின் ஓரத்திலேயே நிலம் பிளந்து தீ எழுந்தது. முதல்நாள் வீசிய புயலால் மீன்பிடி படகுகள் கடலுக்குச் செல்லாமல் துறைமுகத்திலேயே நின்றன. அதனை நற்பேறு என்றே சொல்லவேண்டும். ஏறத்தாழ 5,300 மக்களுள் பெரும்பாலோர், சில மணி நேரத்தில் அப்படகுகளில் ஏறித் தப்பினர்.

தீக்குழம்போ, வீடுகளை விழுங்கியவாறே துறைமுக வாயிலை நோக்கி நகர்ந்தது. வாயில் அடைபட்டுவிட்டால் மக்கள் திரும்பிவந்தும் பயனில்லை. கடல்நீரை இறைத்துக் குழம்பைக் குளிர்விக்கலாம் என்றார், தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்னும் இயற்பியல் அறிஞர். எரிமலையை நீர் ஊற்றித் தடுப்பதா என்று நகைத்தவர்களும் உண்டு. ஆயினும் பணி தொடங்கியது. குழாய்களின் வழியே வாரக்கணக்கில் நீர் பாய்ந்தது. குளிர்ந்து இறுகிய விளிம்பே, பின்னால் வந்த குழம்புக்கு அணையாயிற்று.

ஜூலை மாதத் தொடக்கத்தில் தீ அடங்கியபோது, ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்திருந்தன. துறைமுகம் பிழைத்திருந்தது. அதுமட்டுமோ! புதிய பாறை அதன் வாயிலைக் குறுக்கி, முன்னினும் நன்றாக அலையினின்று காத்தது. வென்றது மனித முயற்சியா, தீ தானே தணிந்ததா என அறுதியிட்டுரைத்தல் எளிதன்று. மக்களுள் பலர் திரும்பிவந்து, சாம்பலை வாரி அகற்றி, மீண்டும் குடியேறினர்.

அத்தீவுகளின் செங்குத்தான பாறைகளில் பஃபின் என்னும் கடற்பறவைகள் திரளாகக் கூடு கட்டுகின்றன. கோடையின் இறுதியில், முதன்முதலாகப் பறக்கும் குஞ்சுகள் சில, ஊர் விளக்குகளைக் கண்டு மயங்கித் தெருக்களில் வந்து விழும். சிறுவர்கள் இரவில் தேடித் திரிந்து அவற்றை அட்டைப்பெட்டிகளில் எடுத்துச் செல்வர். மறுநாள் கடலோரம் சென்று, ஒவ்வொன்றாக அலைகளின்மேல் பறக்கவிடுவர்.