சாதாரண ஜனங்களுக்கு அல்ல!

சேகரிப்பு என்பது ஒரு வியாதி. சிலருக்குத் தபால்தலை, சிலருக்குப் பழைய காசு. எங்கள் ஆபீஸ் கேஷியர், கல்யாணப் பத்திரிகைகளில் வரும் பிள்ளையார்களைக் கத்தரித்து ஆல்பம் போட்டு வைத்திருக்கிறார். நானூற்றுச் சொச்சம் பிள்ளையார். இவற்றில் ஒரு சௌகரியம், எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் கெட்டுப்போகாது. நான் சேர்த்தது டீ. அதற்கு ஆயுசு கம்மி.

வியாதிக்குக் காரணம் என் ஊர். கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். திருநெல்வேலிக்காரன் என்றால் அல்வா கிண்டத் தெரியும் என்று நம்புகிற உலகம், நீலகிரிக்காரன் என்றால் டீ தெரியும் என்று நம்பாதா? ஆபீசில் யார் எங்கே டூர் போனாலும், திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம். "சார், நீங்க டேஸ்ட் பண்ணிட்டு சொல்லணும்" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். நானும் மோந்து பார்த்து, கண்ணை மூடி, "ம்... நல்ல பாடி இருக்கு" என்பேன். அவர்கள் திருப்தியாகப் போய்விடுவார்கள். இது போதாதென்று, போனஸ் வரும்போதெல்லாம் நானே வேறு வாங்கி அடுக்கினேன்.

போன வருஷம் வீட்டுக்காரர், "பையனுக்குக் கல்யாணம், ரெண்டு மாசத்துல காலி பண்ணிக் குடுங்க" என்றார். என் மனைவி சமையலறை மேல் ஷெல்ஃபைத் திறந்து எண்ணினாள். பதினேழு பொட்டலம்.

"ஏங்க, இதுல ஒண்ணு கூட லாரியில ஏறக் கூடாது. குடிச்சுத் தீருங்க. இல்லேன்னா நான் கொட்டிடுவேன்."

கணக்குப் போட்டோம். மொத்தம் 1,350 கிராம். ஒரு கப்புக்கு 2.5 கிராம் என்றால் 540 கப். 60 நாளில் தீர வேண்டுமானால் தினம் 9 கப். அவள் காலையும் மாலையும் குடிப்பது 2, நான் குடிப்பது 2. பாக்கி 5 கப்புக்கு எங்கே போவது? அந்தச் சமயம் பார்த்து, கண் ஆபரேஷனுக்காக அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு 2. மிச்சம் 3 கப், ஃபிளாஸ்க்கில் ஆபீசுக்கு. மனைவி ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினாள். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, எதை முதலில் பரிமாறுவது என்று வரிசை.

அந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. டீக்கு ஐந்து எதிரிகள்: காற்று, வெளிச்சம், ஈரம், சூடு, பக்கத்திலிருக்கும் பெருங்காய டப்பா. இந்த ஐந்தில் எது பட்டாலும் வாசனை போய்விடும். முதலில் பலியாவது கிரீன் டீ. ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். பிளாக் டீ இரண்டு வருஷம் வரை சமாளிக்கும். ஆக, முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்தான்.

எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னய்யா, அகத்திக்கீரை வேகவெச்ச தண்ணியா?" என்றார். கிரீன் டீக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் கசக்கத்தான் செய்யும். 80 டிகிரி சூடு போதும். அதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். "அப்படியா? அப்ப இன்கிரிமென்ட் ஃபைலையும் 80 டிகிரியிலேயே வைக்கிறேன்" என்றார். விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் சீனத்து லாப்சாங் சூச்சோங். பைன் மரத்தை எரித்து, அந்தப் புகையில் காயவைத்த டீ. பக்கத்து சீட்காரர் ஃபிளாஸ்க்கைத் திறந்ததும் எழுந்து நின்று, ஏ.சி. மெஷினில் ஏதோ கருகுகிறது என்று எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டார். காஷ்மீர் கஹ்வா மட்டும் ஏக வரவேற்பு. ஏலக்காய், குங்குமப்பூ, பாதாம் போட்டால் எதற்குத்தான் வரவேற்பு இருக்காது? எர்ல் கிரேயைக் குடித்த டைப்பிஸ்ட் அம்மாள், "சார், இதுல எலுமிச்சை சோப்பு வாசனை வருதே" என்றார். அவர் மூக்கைப் பாராட்ட வேண்டும். அதில் கலப்பது பெர்கமாட் என்கிற, எலுமிச்சைக்குச் சொந்தக்காரப் பழத்தின் எண்ணெய்.

இப்படி ருசி பார்ப்பதை நான் ஏதோ விளையாட்டாகச் செய்கிறேன் என்று நினைக்கிறீர்களா? இதற்கு உலக அளவில் சட்டமே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்று பெயர். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம் ஊறல். இதற்கு முன்னோடியாக இங்கிலாந்தின் தர நிர்ணய நிறுவனம் டீ போடுவது எப்படி என்று 6 பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தது. அதற்கு 1999-ல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு கொடுத்து கிண்டல் பண்ணினார்கள். என் அம்மா 6 பக்கம் எதற்கு என்பாள். "கொதிக்க வை, போடு, வடி." மூன்று வார்த்தை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது இலங்கையில், ஹப்புத்தளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில். அவள் 'அப்புத்தளை' என்றுதான் சொல்வாள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்களே, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு அங்கேயே பிரஜா உரிமை என்று ஜனங்களைப் பங்கு பிரித்து? அதில் இந்தியாவின் பங்கில் விழுந்த குடும்பம் எங்களுடையது. 1973-ல், 11 வயதில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, பிறகு நீலகிரிக்கு வந்தாள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-லிருந்து தமிழ்நாடு அரசு புதுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. 1976-ல் அதுதான் டான்டீ ஆனது. அம்மா வேறொரு தோட்டத்தில் பேர் பதிந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கூடையை முதுகில் மாட்டியவள், 58 வயதில்தான் கழற்றினாள்.

அவளுக்குத் தெரிந்த டீ ஒன்றே ஒன்று. டஸ்ட். பால் இருந்தால் பால் டீ. இல்லாவிட்டால் வெறுந் தேத்தண்ணி, கடிச்சிக்கக் கொஞ்சம் வெல்லம். நல்ல இலையெல்லாம் பெட்டியில் ஏறி வெளியூர் போய்விடும். சல்லடையில் கடைசியாக விழுவதுதான் தோட்டத்துக் கடைக்கு வரும்.

அட்டவணைப்படி மூன்றாம் வாரம் டார்ஜிலிங். மார்ச், ஏப்ரலில் குளிர்கால உறக்கம் கலைந்து செடி விடுகிற முதல் கொழுந்து. 100 கிராம் 900 ரூபாய்க்கு வாங்கி, திறக்காமலே வைத்திருந்தது. பொட்டலத்தில் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று நீளமாக ஒரு கிரேடு. ஃபைனெஸ்ட் டிப்பி கோல்டன் ஃப்ளவரி ஆரஞ்சு பீக்கோ. இதில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. பீக்கோ என்பது, கொழுந்தின் மேலிருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறிக்கும் சீன வார்த்தையிலிருந்து வந்தது. டீ வியாபாரிகள் இந்த எழுத்துகளுக்கு வேடிக்கையாக இன்னொரு விரிவு சொல்வார்கள்: 'ஃபார் டூ குட் ஃபார் ஆர்டினரி பீப்பிள்'. அதாவது, சாதாரண ஜனங்களுக்கு இது ரொம்ப ஜாஸ்தி!

நான் இதை ஜோக்காகச் சொன்னேன். என் மனைவி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. டம்ளரையும் தொடவில்லை. வடிகட்டியில் மிஞ்சிய சக்கையைக் கேட்டாள்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவள், அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஈர இலைகளை ஒரு தட்டில் பரப்பி, விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கையால் பறித்து, முறுக்கி உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் டீயில் ஒரு விசேஷம் உண்டு. வெந்நீர் பட்டதும் இலை தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். நம் வீட்டுக் குருணை டீ அப்படி அல்ல. அது மெஷினில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய சி.டி.சி. அதில் இலையின் பூர்வோத்திரம் ஒன்றும் தெரியாது.

"நல்ல கை தம்பி, இது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. ஒண்ணுலயும் காம்பு நீளமா வரல. நகத்தால கிள்ளல, விரலால ஒடிச்சிருக்கா."

"ஒடிச்சிருக்கான்னா? பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"ஆம்பளை எங்கடா கொழுந்து எடுக்குறான்? கவ்வாத்து வெட்டப் போயிருப்பான்."

அப்புறம் ஒரு கணக்குக் கேட்டாள். இந்தப் பொட்டலத்துக்கு எவ்வளவு பச்சைக் கொழுந்து ஆகும்? ஒரு கிலோ டீக்கு நாலு, நாலரை கிலோ கொழுந்து. 100 கிராமுக்கு அரைக் கிலோ கூட வராது. அம்மா வேலை பார்த்த நாளில் தினம் 25 கிலோ எடுப்பாள். எட்டு மணி நேரத்துக்கு 25 என்றால் அரைக் கிலோவுக்குப் பத்து நிமிஷம். விலை, அவள் ரிட்டயர் ஆன வருஷம் வாங்கிய கூலியில் ஏறக்குறைய மூன்று நாள்.

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டாள். "இவ்வளவு பொடிக் கொழுந்தா எடுத்தா, கூடை நிறையாதுடா. பத்து நிமிஷத்துல ஆகாது. பாவம், அவளுக்கு அரை நாள் போயிருக்கும்." பிறகுதான் டம்ளரை எடுத்துக் குடித்தாள். "சக்கர போடல?" என்றாள். போட்டுக் கொடுத்தேன். டார்ஜிலிங்கில் சர்க்கரை போடுவது மகாபாவம் என்று புத்தகங்கள் சொல்லும். போடட்டுமே. அந்தச் செடியைப் பற்றி என்னைவிட அவளுக்கு 40 வருஷம் அதிகம் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டு டேஸ்டர் உத்தியோகம் கைமாறியது. நான் டீயைக் குடித்துவிட்டு 'பாடி', 'ஃபினிஷ்' என்பேன். அம்மா சக்கையைப் பிரித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவாள். அஸ்ஸாமைப் பார்த்து, "இலை நம்ம கைய விடப் பெருசு, வெயில் ஊர்க் கொழுந்து" என்றாள். எங்கள் ஊர்ப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தவள் முகம் சுளித்தாள். "கத்தரிக்கோல்ல வெட்டுனது. பாரு, இலை பாதியில துண்டாகியிருக்கு. இதுக்குப் போயி முந்நூறு ரூபாயா?"

கடைசி வாரத்தில் இருந்தது ஒரு தகர டப்பா. நண்பர் ஒருவர் இலங்கைக்குச் சுற்றுலா போய் வந்தபோது கொடுத்தது. மூடியில் வாளேந்திய சிங்கம், அடியில் 'ஊவா'. ஹப்புத்தளை அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்த மலையில் வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காற்றில் வாடி வதங்கும் கொழுந்தில் ஒரு கற்பூரக் குளுமை ஏறும். ஊவா டீக்கு உலகத்தில் மதிப்பு அதனால்தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் ஊர்ப் பெயரைப் படித்துச் சொன்னேன். டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டோர் வாசம்" என்றாள்.

அங்கே டீ ஃபேக்டரிக்குப் பெயர் ஸ்டோர். தாத்தா அதில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மத்தியானம் சோறு கொண்டு போவது அம்மாவின் டியூட்டி. "மாடி ஏறினா வாசம் ஆளத் தூக்கும். பழம் பழுத்த மாதிரி."

பிறகு, 33 வருஷமாக நான் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது தாத்தா ஒரு டப்பா நிறைய நல்ல தூள் வைத்திருந்தாராம். ஸ்டோரில் யாரோ பிரியமாகக் கொடுத்தது. ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, இந்த டப்பா. கப்பலில் மூட்டை நனைந்தபோது அதுவும் நனைந்துவிட்டது. மண்டபம் கேம்ப்பில் துணி விரித்துக் காயவைத்தார்கள். உப்புக் காற்றில் காயவே இல்லை. பூசணம் பூத்துவிட்டது. "அப்பா கொட்ட மாட்டேன்னு மூணு நாள் வச்சிருந்தாரு. அப்புறம் அவரே கொண்டு போயி கடல்ல கொட்டுனாரு. யாரும் ஒரு வாய் குடிக்கல."

அன்றைக்கு அட்டவணையை ஓரங்கட்டினோம். ஆபீசுக்கு ஃபிளாஸ்க் போகவில்லை. அந்த டப்பாவிலிருந்தது மொத்தமும் வீட்டுக்குள்ளேயே தீர்ந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் இரண்டு தம்ளர், சர்க்கரை போட்டு, ஊதி ஊதிக் குடித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "தேத்தண்ணிதான்" என்பாள்.

57-ம் நாள் ஷெல்ஃப் காலி. சீனத்துப் பூ-ஏர் கட்டி ஒன்று மட்டும் மிச்சம். அது வருஷம் ஆக ஆக ருசி கூடுகிற ஜாதி. அதை லாரியில் ஏற்ற விசேஷ அனுமதி வாங்கினேன். "வயசானா மதிப்பா? அப்ப அத பத்திரமா வச்சிக்க" என்று அம்மா மருமகளைப் பார்த்தாள். "சரிங்க அத்தை" என்று அவளும் சிரித்தாள்.

ஊருக்குப் போகும்போது அந்தச் சிங்க டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடுகு வைக்கவோ, ரேஷன் கார்டு வைக்கவோ இருக்கும் என்று நினைத்தேன். போன மாசம் போனில் பேசும்போது கேட்டேன், "டப்பாவுல என்னம்மா வச்சிருக்கே?"

"ஒண்ணும் வைக்கல தம்பி. எதையாவது வச்சா வாசம் போயிருமே."