டச்சு கற்கப் புகும் மாணவர்க்கு



நெதர்லாந்தில் டச்சு வழியாக உயர்கல்வி பெற விழையும் அயல்மொழியினருக்கென ஓர் அரசுத் தேர்வு உண்டு. அதன் இரண்டாம் பிரிவு, ஐரோப்பிய மொழி அளவுகோலில் 'பி2' எனப்படும் மேல் இடைநிலைக்குரியது. கடையில் ரொட்டி கேட்டு வாங்கும் அளவு மொழி இதற்குப் போதாது. நாளேட்டைப் படித்து, அது எப்பக்கம் சாய்கிறது என்று உணர வேண்டும். ஊடகவியல் பயில்வோர்க்கு இது இன்றியமையாதது.

இலக்கணம் நம்மவரை அவ்வளவாக அச்சுறுத்தாது. துணை வாக்கியங்களில் வினைச்சொல் இறுதியில் நிற்கும். தமிழ்ச் செவிக்கு அது பழகியதே. பெயர்ச்சொற்களுக்கு முன் வரும் 'டெ', 'ஹெட்' இரண்டையும் மட்டும் மனனம் செய்தே தீர வேண்டும்.

மெய்யான கடினம் சொல்லின் எடையில் உள்ளது. 'அலோக்தோன்' என்பதைப் பாருங்கள். 'வேற்று மண்ணினர்' என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். பெற்றோரில் ஒருவரேனும் அயல்நாட்டில் பிறந்திருந்தால், ரோட்டர்டாமிலேயே பிறந்த பிள்ளைக்கும் புள்ளிவிவர நிறுவனம் இப்பெயரையே சூட்டியது. மக்கள் பேச்சிலோ அது பெரும்பாலும் மொராக்கோ, துருக்கி வழிவந்த முஸ்லிம்களையே சுட்டிற்று. அகராதியில் குற்றமற்றதாய்த் தோன்றும் சொல், செய்தித் தலைப்பில் முள்ளாய்க் குத்தியது. பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதும் நமக்கு இவ்வலி விளக்கமின்றியே புரியும்.

டச்சு வழங்கும் வட பெல்ஜியத்தின் 'டி மோர்கன்' நாளேடு 2012-இல் இச்சொல்லைக் கைவிட்டது. நெதர்லாந்துப் புள்ளிவிவர நிறுவனம் 2016-இல் அதனை நீக்கி, 'புலம்பெயர்வுப் பின்னணியுடையோர்' என எழுதலாயிற்று. 2022-இல் அவ்வகைப்பாட்டையும் மாற்றி, ஒருவர் எந்நாட்டில் பிறந்தார் என்பதற்கு முதன்மை தந்தது. ஆகவே ஊடக மாணவர், 2010-ஆம் ஆண்டு நாளேடொன்றையும் இன்றைய நாளேடொன்றையும் அருகருகே விரித்து, அந்த ரோட்டர்டாம் பிள்ளை எதில் எப்பெயரால் குறிக்கப்படுகிறது என்று தேடிப் படிக்கட்டும்.