கொல்லரின் பாக்கி

சஸ்காட்சவனில் நிலம் எடுத்தவர்களைத் தேடிப் பிடிப்பது எளிது. கனடா அரசு பத்து டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு 160 ஏக்கர் புல்வெளியைக் குடியேறிகளுக்குக் கொடுத்த காலம் அது. பட்டா கேட்டவர், எத்தனை ஏக்கர் உழுதோம், எத்தனை மாடு இருக்கிறது, வீடு என்ன அளவு என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புகள் மாகாண ஆவணக் காப்பகத்தில் இன்றும் கிடைக்கின்றன. என் மருமகளின் கொள்ளுத்தாத்தா நிலம் எடுக்கவில்லை. அவர் கொல்லர்.

நார்வேயில் பிறந்து, மின்னசோட்டா வழியாக வந்து, மூஸ் ஜாவுக்குத் தெற்கே ஒரு ரயிலடிச் சிற்றூரில் வாடகைக்குப் பட்டறை போட்டவர். 1916ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவருக்கு ஒரே ஒரு வரி: பெயர், வயது, பிறந்த நாடு, தொழில். ஊர் வரலாற்று நூலும் பார்த்தோம். 1980இல் மாகாணத்தின் 75ஆம் ஆண்டு விழாவையொட்டிப் பல ஊர்கள் இப்படித் தடித்த நூல்கள் போட்டன. குடும்பங்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிக் கொடுத்தன. வறட்சியில் ஊரைவிட்டுப் போனவருக்காக எழுத யார் இருந்தார்கள்? எனக்குக் கோபம் வந்தது. அந்தப் புல்வேர் மண்ணில் மழுங்கிய கொழுக்களெல்லாம் அவர் உலையில் கிடந்துதானே மறுபடி வயலுக்குப் போயிருக்கும்?

ஊரின் முதியோர் மன்றத்தில் மதியச் சாப்பாடு. பார்லி சூப், அதன்பிறகு சஸ்காட்டூன் பழம் வைத்துச் சுட்ட பை. நாவல்பழ நிறத்தில் சாறு வழிந்தது. எதிரே தொண்ணூறை ஒட்டிய ஓர் அண்ணனும் தங்கையும். மருமகள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்கள் அப்பா அவருக்குப் பணம் பாக்கி.”

“பாக்கியா? உருளைக்கிழங்காகக் கொடுத்துத் தீர்த்தாயிற்று” என்றார் அண்ணன்.

“அது ஒரு வருஷத்துக்குத்தான். மற்றது அப்படியே நின்றுபோயிற்று. அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.”

“அம்மா எல்லாவற்றுக்கும்தான் வருத்தப்பட்டாள்!”

குரல்கள் உயர்ந்தன. பக்கத்து மேசைகள் அடங்கிவிட்டன. மருமகள் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து, “மாமா, நான் கேட்டிருக்கவே கூடாதோ?” என்றாள். கேட்டதுதான் சரி என்றேன். வெள்ளைக்காரர்களுக்குத் தாத்தா பாட்டி நினைப்பெல்லாம் குறைவு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். இங்கே, தாங்கள் பிறக்குமுன் ஏறிய கடனுக்காக இரண்டு கிழவர்கள் முகம் சிவந்து நின்றார்கள்.

சண்டைக்கு நடுவே விஷயம் துண்டு துண்டாக வந்தது. கொழு அடித்ததற்கும் லாடம் கட்டியதற்கும் கூலி நோட்டில் ஏறும். அறுவடைக்குப் பிறகு கொடுப்பார்கள். 1930களில் மழை பொய்த்தது, கோதுமை விலையும் விழுந்தது. எங்கள் ஊரில் கொல்லருக்குக் களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள். விளைச்சல் குறைந்தால் அவர் பங்கும் குறையும். கணக்கு அந்த வருஷத்தோடு முடியும். இவருக்கோ பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில் சம்மட்டியையும் பட்டடையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே காட்டோரம் போய்விட்டார். தெற்கிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம்.

பெரியவர் எழுந்து, வாருங்கள் என்று தன் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஆணியில் ஒரு பழைய கொழு தொங்கியது. தேய்ந்து பாதியாகிவிட்டது. நுனியில் வேறோர் இரும்புத் துண்டைக் காய்ச்சி ஒட்டவைத்த இணைப்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. விளிம்பு நெடுகச் சம்மட்டி விழுந்த பள்ளங்கள். மருமகள் அவற்றில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.

“அந்தப் பெண்ணிடம் கொடு. பாக்கிக்கு அதுவாவது ஆகட்டும்” என்றார் தங்கை.

“தரமாட்டேன். உருளைக்கிழங்கு கொடுத்து வாங்கியது” என்றார் அண்ணன்.

மருமகளும் கேட்கவில்லை. இருவர் சொன்னதையும் மாற்றாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். வடக்கே போனவர் அங்கேயாவது நிலம் எடுத்திருந்தால் அவர் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். 1930இல் அரசு நிலங்கள் மாகாணத்தின் கைக்கு வந்துவிட்டதால் மாகாணப் பதிவுகளில்தான் தேட வேண்டும். காரில் ஏறியதும் அதைத்தான் பேசினோம்.