செம்மரமும் மரப்பாச்சியும்

சித்தூரினின்றும் திருப்பதி செல்லும் யாத்திரிகர், சந்திரகிரிக் கோட்டையை அணுகுங்கால் வடபால் எழும் சேஷாசல மலைத்தொடரைக் காண்பர். அம்மலைகளையும் அவற்றை அடுத்த கிழக்குத் தொடர்ச்சி மலைகளையுமே தாயகமாகக் கொண்டது செம்மரம். மணமற்றது, மெல்ல வளர்வது, வைரம் பாய்ந்த கட்டையோ நீரில் மூழ்குமளவு கனமுடையது. நம் கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சிகளை அம்மரத்தில் செதுக்குவதே மரபு.

அயல்நாடுகளில் அதன் விலை ஏற ஏற, திருட்டுக் கோடரிகள் காட்டினுள் புகுந்தன. 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தும் கொள்ளை ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானோர் 20 பேர். அனைவரும் தமிழகத்துத் தொழிலாளர். கூலியை நாடி ஊர் கடந்தவர் அவர். பிழைப்பை நாடி ஊர் கடந்தவர் நாம்.

இவ்வாண்டு மரப்பாச்சியைக் கொலுவில் ஏற்றுங்கால், அம்மரத்தின் கதையையும் அம்மனிதரின் கதையையும் நம் மக்களுக்குச் சொல்வோமாக.