சிப்பியும் சாவியும்

1987 கடைசி. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலருக்கு வலிப்பு. பிழைத்தவர்களிலும் சிலருக்குப் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை.

சிப்பி தின்றிருந்த நுண்பாசியில் டொமாயிக் அமிலம் இருந்தது. நரம்பணுக்களைத் தூண்டும் குளுட்டமேட் உட்காரும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும் நச்சு அது. முதியவர்களும் சிறுநீரகம் கெட்டவர்களும்தான் அதிகம் அடிபட்டார்கள். நச்சு சிறுநீர் வழியாகத்தானே வெளியேற வேண்டும்.

ஒரு முகத்தை நினைவில் வைக்கவும் குளுட்டமேட் வேண்டும். அளவு மீறினால் நரம்பணுவுக்குள் கால்சியம் பாய்ந்து, அணு செத்துப்போகிறது. அளவு மீறிய குளுட்டமேட் நரம்பணுவைக் கொல்வதை ஆய்வாளர் ஜான் ஓல்னி 1969-இல் சுண்டெலிக்குட்டிகளில் காட்டியிருந்தார். கனடாவில் இறந்தவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் அழிந்திருந்தது. நினைவு பதியும் இடம். பிழைத்த முதியவர் ஒருவருக்கு ஓராண்டு கழித்து வலிப்பு நோய் வந்தது. நச்சு எப்போதோ போய்விட்டது. புண்பட்ட இடத்திலிருந்து வலிப்பு கிளம்பியது. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறெதிலும் மனம் ஓடவில்லை.

இந்தத் தூண்டலுக்குக் கடிவாளம் காபா என்ற வேதிப்பொருள். அதை மூளை குளுட்டமேட்டிலிருந்தேதான் தயாரிக்கிறது! நடுவில் ஒரு நொதி. அதற்கு பி6 வைட்டமின் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டப்பாப் பால் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. சூடாக்கிப் பதப்படுத்தியதில் பி6 அழிந்திருந்தது. அதைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. காசநோய் மாத்திரையான ஐசோனியசிட்டை அளவு மீறி விழுங்கியவரின் வலிப்புக்கும் பி6 ஊசிதான் மருந்து.

இனி முக்கியமானது. வலிப்பு நீள நீள, காபாவின் ஏற்பிகள் நரம்பணுவுக்குள் இழுபட்டுவிடும். குளுட்டமேட்டின் ஏற்பிகள் மேலே வரும். வலிப்பை நிறுத்தும் லோராசெபாம், மிடாசோலம் போன்ற மருந்துகள் காபா வழியாக வேலை செய்பவை. முதல் சில நிமிடங்களில் கேட்கும் மருந்து அரைமணி கழித்துக் கேட்காமல் போவது இதனால்தான்.

நம் தெருக்களில் அந்த முதல் நிமிடங்கள் வலிப்பு வந்தவர் கையில் கொடுக்க இரும்புச் சாவி தேடுவதில் போகின்றன. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. நிற்காத வலிப்புக்காரர்தான் பாவம்.

சாவி வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.