அம்பு முனையில் ஒரு டிசைன் கணக்கு

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து, எடை சுமார் 160 கிராம். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படுத்தும் காம்பவுண்ட் வில்லில் இருந்து கிளம்பும் அம்பு. எடை சுமார் 26 கிராம், வேகம் நொடிக்கு 85 மீட்டர். எதுக்கு இயக்க ஆற்றல் அதிகம்? பந்துக்கு சுமார் 120 ஜூல், அம்புக்கு சுமார் 94 ஜூல். பந்துதான் ஜெயிக்குது! ஆனா பந்து தொடையில் பட்டா பேட்ஸ்மேன் தேய்ச்சுவிட்டுட்டு அடுத்த பந்தை ஆடுவார். அந்த அம்போ ஒரு மானின் மார்பைத் துளைச்சு மறுபக்கம் வெளியே வந்துடும்.

வித்தியாசம் முழுக்க முனையில் இருக்கு. அந்த முனைக்குப் பேர் பிராட்ஹெட். பிளேடு வச்ச அகலமான அம்புமுனை.

நான் வில்லைக் கையால் தொட்டதுகூட இல்லை. நம்ம நாட்டில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அது அப்படியே இருக்கட்டும். கேம் பற்றிப் படிக்கும்போது காம்பவுண்ட் வில்லின் இரண்டு முனையிலும் கேம்தான் சுத்துதுன்னு தெரிஞ்சது. அதைத் தேடிப் போய் பிராட்ஹெட்டில் மாட்டிக்கிட்டேன். எந்த முனையைத் தேர்ந்தெடுக்கணும்னு அந்த ஊர் வேட்டைக்காரங்க போடுற சண்டை நம்ம டிசைன் பேப்பர் கேள்வி மாதிரியே இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே தப்பா டிசைன் பண்ணா மார்க் போகாது, ஒரு உயிர் ரெண்டு நாள் துடிக்கும்.

முதல்ல அம்பு எப்படிக் கொல்லுதுன்னு புரிஞ்சுக்கணும். ரைஃபிள் தோட்டா 3,000 ஜூலோட வந்து சுற்றியுள்ள திசுவையும் சேர்த்துச் சிதைக்கும். அம்பிடம் அந்த ஆற்றல் கிடையாது. அது வெட்ட மட்டும்தான் செய்யும். பிளேடு ரெண்டு நுரையீரலையும் கடந்து போனா ரத்தப்போக்கில் மான் சில நொடிகளில் விழுந்துடும். அதே அம்பு தோள் எலும்பில் மாட்டி பாதியில் நின்னா, காயத்தோட ஓடிப்போய் எங்கேயோ ஒரு புதரில் கிடக்கும். வேட்டைக்காரர் கண்டுபிடிக்கவும் மாட்டார்.

இப்போ தேர்வுக்கு வருவோம். பெரிய பிரிவு ரெண்டு. ஃபிக்ஸட் பிளேடில் பிளேடு அசையாது, அகலம் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம். மெக்கானிக்கல் வகையில் பறக்கும்போது பிளேடு மடங்கி இருக்கும், உடம்பில் பட்டதும் விரியும், அகலம் 2 அங்குலம் வரைக்கும்கூடப் போகும். கடையில் நின்னு பார்த்தா யாருக்கும் ரெண்டாவதுதான் பிடிக்கும். வெட்டு பெருசு, அதோட மூடியிருக்கிறதால நேராவும் பறக்குது. ஃபிக்ஸட் பிளேடு அம்பின் முன்னாடி ரெண்டு குட்டி இறக்கை கட்டின மாதிரி. வில் சரியா ட்யூன் ஆகலைன்னா அம்பு திசை மாறிடும்.

ஆனா பிளேடை விரிக்கவும் ஆற்றல் வேணும், அகலமா வெட்டிக்கிட்டுப் போகவும் ஆற்றல் வேணும். எல்லாம் அந்த 94 ஜூலில் இருந்துதான் வரணும். 70 பவுண்டு வில்லை இழுக்கிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. 40 பவுண்டு வில் வச்சிருக்கிற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. அவர் அம்பில் சுமார் 40 ஜூல்தான் இருக்கும். அவர் 2 அங்குல மெக்கானிக்கல் மாட்டினா வெட்டு பெருசாதான் ஆரம்பிக்கும், ஆனா ஆழம் போகாது. அவருக்குச் சரியானது ஒடுக்கமான, ரெண்டே பிளேடு உள்ள ஃபிக்ஸட் முனை. அகலத்தைப்போல மூணு மடங்கு நீளம் இருந்தா நல்லதுன்னு பழைய வில்லாளிகள் சொல்வாங்க. ஆப்பு பற்றி ஸ்கூலில் படிச்சது ஞாபகம் இருக்கா? நீளமான ஆப்புக்குக் குறைஞ்ச விசை போதும். அதே கணக்குதான்.

எடைக்கு அவங்க கிரெயின்னு ஒரு அலகு வச்சிருக்காங்க. 15.4 கிரெயின் சேர்ந்தா ஒரு கிராம். கடையில் அதிகம் கிடைக்கிறது 100, 125 கிரெயின் முனைகள், அதாவது 6.5 கிராம், 8 கிராம். ஒன்றரை கிராமில் என்ன வந்துடப் போகுதுன்னு தோணும். ஆனா அது அம்பின் நுனியில் சேருது. ஈர்ப்பு மையம் முன்னாடி நகரும், கூடவே அம்புத்தண்டு வளையும் விதமும் மாறும். முனையை மட்டும் மாத்திட்டு பழைய குறியை நம்பிக் காட்டுக்குப் போக முடியாது.

எட் ஆஷ்பின்னு ஒரு அமெரிக்கர், ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய விலங்குகளில் பல வருஷம் அம்புகளைச் சோதிச்சவர். ஊடுருவலுக்கு என்னென்ன முக்கியம்னு அவர் போட்ட பட்டியலில் முதல் இடம் கூர்மைக்கோ வேகத்துக்கோ இல்லை. முனையும் தண்டும் உடையாம, வளையாம இருக்கணும், அதுதான் முதல். மத்ததெல்லாம் அதுக்குப் பிறகு. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எதுக்குன்னு கேட்கிற ஜூனியர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தச் சிக்கல் புதுசும் இல்லை. 1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே வந்த இஷி, யாஹி இனத்தின் கடைசி மனிதர். எரிமலைக் கண்ணாடியிலும், பாட்டில் கண்ணாடியிலும் அம்புமுனை செதுக்குவார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தை கற்றுக்கொண்டார். எரிமலைக் கண்ணாடி எஃகைவிடக் கூர்மையா விளிம்பு தரும், ஆனா எலும்பில் பட்டா நொறுங்கும். இன்னிக்கு எஃகிலும் அதே பேரம்தான். கடினம் கூடினா விளிம்பு உடையும், குறைஞ்சா மடங்கும்.

சட்டமும் இதில் கொஞ்சம் தலையிடுது. கொலராடோவில் பிராட்ஹெட் குறைஞ்சது 7/8 அங்குல அகலம் இருக்கணும். பிரிட்டனில் வில்லால் வேட்டையாடவே அனுமதி இல்லை. ஆனா உங்க வில்லின் பலத்துக்கு எவ்வளவு அகலம் அதிகம்னு எந்தச் சட்டமும் சொல்றதில்லை. அதை வில் வச்சிருக்கிறவர்தான் தன்கிட்ட நேர்மையா இருந்து முடிவு பண்ணணும்.

எனக்கு இதில் பிடிச்சது அந்த இடம்தான். நம்ம ப்ராஜெக்டில் மோட்டார் தேர்ந்தெடுக்கும்போது "பெருசாவே போட்டுடலாம்டா, சேஃப்"னு சொல்வோம் இல்லையா? இங்கே பெருசு சேஃப் இல்லை. உன்கிட்ட எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு, அதுக்குள்ள முழுசா வேலை முடிக்கிறதுதான் சேஃப். தப்பானா அதைச் சுமக்கப்போறது தேர்ந்தெடுத்தவரும் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாம சிக்கன் சாப்பிடுறவன். அந்தக் கோழி எப்படிச் செத்ததுன்னு கடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேட்டை எனக்கு இப்பவும் ஒப்பலை. ஆனா அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, அதுக்காக ஒன்றரை கிராம் வரைக்கும் கணக்குப் பார்க்கிறவங்க மேல மரியாதை வந்திருக்கு.

கடைசியா அவங்க செய்ற ஒரு சோதனை. ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி பிளேடை லேசா வைப்பாங்க. ரத்தக்குழாயும் ரப்பர் மாதிரிதான், மழுங்கின விளிம்பு பட்டா வெட்டுப்படாம விலகிக்கும். தொட்டதும் அறுந்தா அந்த அம்பு காட்டுக்குப் போகும். அறுபடலைன்னா பிளேடு திரும்பவும் சாணைக்கல்லுக்குப் போகும்.